குழாய் நிறம் மாறும் முன்பே

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். பென்னலூர்ப் பள்ளியில் மதிய உணவு சமைத்த கன்னியம்மாளின் மலம் சோதனைக்கு வந்தது.

குடல் பாக்டீரியாக்கள் ஒரே குடும்பம், சாயலில் ஏமாற்றும். டைபாய்டு கிருமியும், அவ்வளவாகக் கெடுதல் செய்யாத புரோட்டியஸும் கிருமி வளர்க்கும் தட்டில் நிறமில்லாத புள்ளிகளாகவே வளரும். யூரியா கலந்த சோதனைக் குழாயில் இட்டு மறுநாள்வரை பொறுக்க வேண்டும். ரோஜா நிறமானால் புரோட்டியஸ்.

குழாயில் இட்டேன், பொறுக்கவில்லை. பார்த்தாலே தெரியும் என்ற திமிர். டைபாய்டு என்று எழுதி அனுப்பினேன். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் குழாய் ரோஜா நிறத்தில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

எட்டு நாள்தான் தாங்க முடிந்தது. திருத்திய அறிக்கையோடு சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எட்டு நாளா என் புள்ளைங்களே என் கையால சோறு வாங்கல சார்" என்றார்.

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவர் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார்.

"நான் கலக்கினதுதான். எல்லார் எதிர்லயும் குடி சார். பயமா கீதா இன்னா?"

ஒரே மூச்சில் குடித்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"சார் மறுபடியும் டெஸ்ட் பண்ணாராம். எனக்கு ஒண்ணும் இல்லியாம்."

நான் மறைத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறு வாரமே பள்ளி அடுப்படிக்குத் திரும்பினார். ஓய்வு பெறும்வரை எந்தக் குழாயையும் நான் அவசரப்படுத்தவில்லை. அந்த மோருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.