பேனரில் இருந்த சிறுமி

புதிதாக அச்சடித்த ப்ளெக்ஸ் பேனருக்கு ஒரு நாற்றம் உண்டு. மண்ணெண்ணெயும் பெயிண்ட்டும் கலந்தது போலத் தலையை வலிக்கவைக்கும் அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் போதும், நான் ஆறாம் வகுப்பு படித்தபோது என் அப்பாவுக்குத் திடீரென்று பொங்கிய 'பெத்த பாசம்' நினைவுக்கு வந்துவிடும்.

அவரும் அம்மாவும் பிரிந்தபோது எனக்கு ஆறு வயது. அவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலேயே தங்கிவிட, நானும் அம்மாவும் சிதம்பரத்துக்கு வாடகை வீடு பார்த்து வந்தோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் என்னைப் பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவு. எங்கள் வீட்டில் அதற்கு 'விசிட்டிங்' என்று பெயர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்வீட் கடையில், தலை பின்னி, பவுடர் போட்டுக்கொண்டு காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருப்பேன். கூப்பிடு தூரத்துக் கடலூரிலிருந்து அந்த மகானுபாவர் ஐந்து வருடத்தில் வந்த சனிக்கிழமைகள் என் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

அம்மாவுக்குப் புனேயில் நர்ஸ் வேலை கிடைத்து, என்னையும் அழைத்துப்போக அனுமதி கேட்டு மனுப் போட்ட பிறகுதான் தமக்கு ஒரு மகள் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "பாஷ தெரியாத ஊர்ல எம் பொண்ணு அநாதையாட்டம் நிக்கணுமா? நானே வளக்கறேன்" என்று தெருவெல்லாம் சொன்னார். மனு தோற்றால் அம்மா வேலையை விட வேண்டும், இல்லையென்றால் என்னை விட வேண்டும்.

பாசத்துக்குச் சாட்சி வேண்டுமே! எங்கள் பக்கத்தில் காதுகுத்தானாலும் கருமாதியானாலும் பேனர் கட்டாமல் நடக்காது. சித்தப்பா சொன்ன யோசனைப்படி என் பிறந்தநாளுக்குப் பெரிய பேனர் அடித்துத் தெருமுனையில் கட்டி, அதைப் போட்டோ எடுத்துக் கோர்ட்டில் கொடுத்தார்கள். 'எங்கள் குலவிளக்கே!' என்ற எழுத்துக்குக் கீழே கும்பிட்டபடி அப்பா, கூலிங் கிளாஸோடு சித்தப்பா, எனக்கு முகமே தெரியாத நாலைந்து மச்சான்கள். நடுவில் ரோஜாப்பூ வட்டத்துக்குள் பட்டுப்பாவாடைச் சிறுமி.

நீதிபதி அம்மா என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு உன்மேல எவ்ளோ ஆசை பாத்தியா?" என்று அந்தப் போட்டோவைக் காட்டினார்.

"இது நான் இல்லைங்க மேடம். அத்தை பொண்ணு சௌமியா."

ஒரு கல்யாணத்துக்காக ஒரே துணியில் எங்கள் இருவருக்கும் தைத்த பாவாடை அது. பேனரைக் கட்டி முடித்த பிறகு தப்பைக் கண்டுபிடித்த அத்தை, "ரெண்டும் ஒரே ஜாடதான், வுடுங்க, எவன் உத்துப் பாக்கப்போறான்" என்றாராம். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. நீதிபதி அம்மா அவரை உள்ளே வரவழைத்தார். கோபப்படவில்லை, இதில் உங்கள் மகளைக் காட்டுங்கள் என்றார், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க, அவர் கொஞ்சமும் தயங்காமல் சௌமியாவின் முகத்தில் விரலை வைத்தார்.

அனுமதி கிடைத்தது. கோடை விடுமுறையில் ஒரு மாதம் அப்பாவே வந்து என்னை அழைத்துப்போகலாம் என்றும் உத்தரவில் இருந்தது. அவரா வருவார்!

போன மாதம் சிதம்பரம் போயிருந்தேன். ஸ்வீட் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் பேனர் கதையைச் சொல்வேன், கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். புனேயில் முதல் இரண்டு கோடையிலும், பள்ளிக்கூடம் மூடிய அன்றே துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கி, அதை வாசற்படி ஓரம் வைத்துக்கொண்டு நான் காத்திருந்ததை மட்டும் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை.