விஸ்கியை மணந்தே ஊர் சொன்ன சிவலிங்கம்

நான் சொல்லப்போவது முழு உண்மை. ஆனால் என் வாயால் வருவதால் அங்கங்கே கொஞ்சம் ஊதிப் பெருத்திருக்கும். கூடினதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். போன ஞாயிறு விருந்தொன்றில், மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கும் இப்படியேதான் சொன்னேன்.

எங்கள் சிவலிங்கம் அண்ணை சுவிஸில் பேர்ண் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பதினெட்டு வருசம் கிளாஸ் கழுவினவர். கழுவினதை அடுக்கியிருந்தால் பனிமலை குள்ளமாகிப் போயிருக்கும். கழுவுமுன் ஒவ்வொரு கிளாசையும் மணந்து பார்ப்பார். அங்கே நூற்றுக்கணக்கில் மால்ட் விஸ்கி. எல்லாம் பார்லியும் தண்ணீரும்தான். ஆனால் ஸ்கொட்லாந்தில் ஊருக்கு ஊர் மணம் வேறு. ஒரு சொட்டுக் குடிக்காமலே அவ்வளவையும் அண்ணை மூக்கால் படித்துவிட்டார்.

ஐப்பசியில் பாரில் ஊற்றிக் கொடுப்பவர் ஓய்வுபெற்றார். அந்த வேலையை அண்ணை கேட்டார். முதலாளி சிரித்தார்.

"நாலு கிளாஸ் வைக்கிறன். நாலுக்கும் ஊர் சொன்னால் வேலை உனக்கு. ஒண்டு பிழைச்சாலும் திரும்பக் கழுவப் போ."

சோதனை நடந்தது கந்தசஷ்டி நாலாம் நாள். அண்ணை விரதம்.

"குடிச்சுப் பார்," என்றார் முதலாளி.

"குடிக்கத் தேவையில்லை, மூக்குக் காணும்."

முதல் கிளாஸ். "ஆஸ்பத்திரிக் கட்டிலில இருந்து ஒருத்தன் கருவாடு சுடுறான். ஐலாத் தீவு." சரி. இரண்டாவது. "தேன், ஆப்பிள், முந்திரிகை வத்தல். ஸ்பேசைட்." அதுவும் சரி. மூன்றாவது. "உப்புக்காத்தும் நனைஞ்ச கயிறும். கேம்பல்டவுன்." முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது.

நாலாவதை ஐந்து நிமிடம் மணந்தார். ஐந்து மணித்தியாலம் என்றே வையுங்கள்.

"இது ஸ்கொட்லாந்தே இல்லை. பழைய பியர்ப் பீப்பாவில ஊறின மணம், அப்பிடி ஊற வைக்கிறது இஞ்சதான். இந்த நாட்டு மலைச் சரக்கு."

முதலாளி போத்தலைத் திருப்பிக் காட்டினார். சுவிஸ்தான்.

இப்போது அண்ணை கறுப்புக் கோட்டோடு பாரில் நிற்கிறார். ஸ்கொட்லாந்துக்காரனே வந்து எதைக் குடிக்கலாம் என்று அவரிடம் கேட்கிறான். எங்கட ஆளப்பா.

நான் சொல்லி முடித்ததும், மேசையில் இருந்த, உணவகமொன்றில் சமைக்கிற மகேஸ்வரன் தலையை ஆட்டினார்.

"அப்ப விரதம் முறிஞ்சு போச்சு."

"மணந்தால் முறியுமோ?" என்றார் அவர் மனைவி செல்வராணி. "சஷ்டி விரதத்தோட நீங்கள் வேலையில இறைச்சி பொரிக்கேக்க மூக்கைக் கழட்டி வைச்சனீங்களோ?"

"அது என்ர வேலை."

"இதுவும் அவற்ற வேலைதானே."

"மணந்த பிறகுதானே வேலை கிடைச்சது? மணக்கேக்க அந்தாள் கிளாஸ் கழுவுற ஆள்."

மேசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. செல்வராணி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "பதினெட்டு வருசமா மணந்து மணந்துதானே அந்தாள் கழுவினது? அப்ப மணக்கிறதும் வேலைதான்!"