செம்பூரில் ஒப்படைத்த அசல்

வந்த கடிதத்துக்குப் பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். நான் முப்பத்துநான்கு ஆண்டு வேலை பார்த்த அலுவலகத்தின் விதி இது. செம்பூரில் இருக்கும் என் மகள் எஸ்தருக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கு இந்த விதி செல்லுபடியாகவில்லை. அதே பொருள் குறித்துக் கர்த்தருக்கு வைத்த விண்ணப்பங்களுக்கும் ஒப்புகைச் சீட்டுகூட வரவில்லை. ஆகவே பிப்ரவரி 9ஆம் தேதி பாளையங்கோட்டையிலிருந்து நேரிலேயே புறப்பட்டேன்.

ஏழு வருடத்துக்கு முன், எஸ்தர் கல்யாணத்துக்காக எங்கள் கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு இருவர் பெயரையும் வாசித்து, தடை இருந்தால் தெரிவிக்கச் சொல்வார்கள். யாரும் தெரிவிப்பதில்லை. நான் தெரிவித்தேன், எழுத்து மூலமாக. மாப்பிள்ளை தாராவியில் பிறந்தவர் என்பதைக் காரணமாக எழுத முடியாதே. அவருடைய சபை அனுப்பிய சான்றில் முத்திரை தெளிவாக இல்லை என்று எழுதினேன். பத்திரிகை கொடுத்து முடித்த கல்யாணம் மூன்று வாரம் தள்ளிப்போனது. அதன்பிறகு மகள் என்னோடு பேசவில்லை. அவள் அம்மாவின் அடக்கத்துக்கு வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். அன்றே ரயிலேறிவிட்டாள்.

என் மனைவி விட்டுச்சென்றது ஒரு வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுப்போமே, அது. பிரிந்த பிள்ளைகள் திரும்புவார்கள் என்று பொருள்படும் வசனம். அதைக் கடைசிவரை நம்பினாள். குலுக்கலில் வந்த தாளை எப்படி உத்தரவாகக் கொள்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தவன் நான்.

பிப்ரவரி 11, காலை 7.10. தாதரில் இறங்கி, டாக்சியில் ஐந்து கிலோமீட்டர். தாராவிக்கு 105 ரூபாய். சித்தப்பா மகன் தேவராஜ் அங்கே தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான்.

"அண்ணாச்சி, போன் பண்ணாம போவாதீய. பிள்ளை மூஞ்சில அடிச்சாப்ல பேசிட்டா?"

"தபாலுக்குப் பதில் இல்லைன்னா நேர்ல போறதுதான் முறை."

"ஆமா, ஒங்க முறையிலதான அன்னைக்குக் கல்யாணம் நின்னுச்சு." எஸ்தரிடம் சேர்க்க நான் கொண்டுவந்த அட்டையை வாங்கிப் பார்த்தான். "இது மதினி எடுத்த வசனம்லா. ஒங்களுக்குச் செல்லுமா?"

கேலிக்குத்தான் கேட்டான். முப்பத்தாறு மணி நேர ரயிலில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

காலை 10.30. வழியில் மாட்டுங்காவில் டாக்சியை நிறுத்தி அட்டைக்கு ஜெராக்ஸ் எடுத்தேன். நகலைச் சமர்ப்பித்து அசலைக் கைவசம் வைப்பது பாலபாடம்.

காலை 11.15, செம்பூர். குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன். மான்குர்த்திலிருந்து வரும் தமிழர். பதிவேட்டை நீட்டினார். பெயர், ஊர், வீட்டு எண் எழுதினேன்.

"வந்த காரணம் காலியா இருக்கு, அங்கிள். சொசைட்டி ரூல்."

காலிக் கட்டத்துக்காக எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான். 'மன்னிப்பு' என்று எழுதினேன்.

இன்டர்காமில் பேசிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மேடம் சொல்றாங்க, மேடம் வீட்டுல இல்லியாம்."

மூன்றாம் மாடிக் கம்பிக்குள் ஒரு சின்னப் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பேத்தி இருக்கிறாள் என்று தேவராஜ் சொல்லித்தான் தெரியும். அவள் இவ்வளவு உயரம் என்று அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"உக்காருங்க அங்கிள், பானி குடிங்க" என்றார் வாட்ச்மேன்.

உட்கார்ந்தேன். எஸ்தருக்கென்று வைத்திருந்த உறையில் நகல் இருந்தது, பையில் அசல். இந்த வார்த்தை நிறைவேறாது, நினைவுக்காவது இருக்கட்டும் என்றுதானே அசலைப் பிடித்துவைத்திருக்கிறேன்? என் மனைவி அப்படிப் பிடித்துவைக்கவில்லை. அதன்மேல் சாய்ந்துகொண்டு செத்துப்போனாள். நகலைக் கிழித்தேன். அசலை உறையில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

"வாங்கினதுக்கு நான் கையெழுத்து போடணுமா, அங்கிள்?"

"வேண்டாம்" என்றேன். வாழ்நாளில் முதல் முறை.

ஊர் திரும்பினேன். பதினைந்து நாள் கடந்தது, முப்பதும் கடந்தது. இங்கே பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் வருவார். விதியை எடுத்துப் பார்க்காமல், கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.

ஒரு உறை வந்தது. அட்டையின் ஜெராக்ஸ், அதன் கீழே எஸ்தரின் கையெழுத்து: "அப்பா, அசல் என்னிடம் இருக்கட்டும். நகல் இணைத்துள்ளேன். மே லீவில் மூன்று பேரும் வருகிறோம்." பின்புறம் பென்சிலில், ஹிந்தி எழுத்தில், 'தாத்தா'.

பெறப்பட்ட நாள்: ஏப்ரல் 3.