ஜஸ்டின் கூட்டி வைத்த வெளிச்சம்

படம் எடுக்குமுன் பிளாஷின் வெளிச்ச அளவைத் திருகும்போது ஜஸ்டின் அண்ணன் இடது உள்ளங்கையால் அதன் முதுகை மறைத்துக்கொள்வார். கல்யாணம், சடங்கு, சர்ச் திருவிழா, எங்கே பார்த்தாலும் இப்படித்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்து வருகிறேன். தொழில் ரகசியம் என்றார்கள் ஊரில். எனக்கென்னவோ அது ஒப்பவில்லை.

கட்டுமாவடியில் மீன்பிடிக் குடும்பம் அவருடையது. படகில் ஏறினால் வாந்தி. அதனால் கேமராவுக்கு வந்தவர். கேமராவின் தலையில் பிளாஷ் மாட்ட மாட்டார். மூன்றைத் தனித்தனி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, கையாலேயே அளவு வைப்பார். தானாக அளவெடுக்கும் ஆட்டோவை நம்பவே மாட்டார்.

அக்கா அன்புச்செல்விக்கு வரன் பார்க்க அவரிடம்தான் படம் எடுத்தோம். அதைப் பார்த்துவிட்டு மணமேல்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு நின்ற அக்காவை மாப்பிள்ளையின் அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

“இது தங்கச்சிங்களா? போட்டோவுல உள்ள பொண்ணைக் கூப்பிடுங்க.”

“இவதாங்க அது,” என்றாள் அம்மா.

“அப்ப என் மகனை போட்டோவையே கட்டிக்கச் சொல்றீங்களா?”

காபியைத் தொடாமல் போய்விட்டார்கள். நான் நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன்.

“ஒங்க அக்கா லைட்டுப் பக்கம் ஒரு எட்டு நகந்திருக்கும்மா,” என்றார் ஜஸ்டின் அண்ணன். “கிட்ட வந்தா வெளுக்கத்தான் செய்யும்.”

அக்காவை எடுத்த அன்றைக்கே அங்கே எடுத்த என் படத்தை போனில் காட்டினேன். நிற்கவேண்டிய இடமென்று அவர் தரையில் ஒட்டிய டேப்பின் மேல்தான் நின்றிருந்தேன். நானும் வெளுத்திருந்தேன். அதுதான் என் வாட்ஸ்அப் படம். வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். எல்லாவற்றையும் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு அந்தப் படத்தில் மட்டும் ஏன் ஒன்றும் தோன்றவில்லை?

“நானும் நகந்தேனாண்ணே?”

அவர் போனை என்னிடமே திருப்பி நீட்டினார்.

“வரன் போட்டோன்னா வெளிச்சத்தைக் கூட்டித்தான் வைப்பேன். எந்த அம்மாவும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க, ஆனா வேணும். கூட்டுறதைப் பொண்ணு பாத்துட்டா முகம் செத்துரும். அதான் கையை வைக்கிறது.”

உண்மையா, அப்போது தோன்றிய சமாளிப்பா, இன்றுவரை தெரியாது.

“அக்காவை வரச் சொல்லு. இருக்கிறபடி எடுத்துத் தாரேன்.”

அக்கா போகவில்லை. மனம் மாறிப் போனபோது ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் படம் எடுக்கிறாராம். போன் போட்டால், “அடுத்த மாசம் வாரேம்மா” என்கிறார். எந்த மாசம் என்று கேட்டால் சிக்னல் போய்விடுகிறது.

புதிதாக வந்த வரன்காரர்கள் படம் கேட்கிறார்கள். வேறு ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால் அக்கா அசைவதில்லை.

“மாத்துனவருதான் எடுத்துத் தரணும்,” என்கிறாள்.

அந்தப் படம் இன்னும் வரவில்லை.