ஒடுக்கு விழாத வண்டி

"எவ்வளவு வேகத்துல இடிச்சீங்க?"

மகள் போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். அடிபட்டதா என்று கேட்கவில்லை. பிறகு பல நாட்கள் அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

"நாப்பது இருக்கும்மா," என்றார் அப்பா. "துணி வெளுக்கிற கடை வேன். சந்துலேருந்து குறுக்க வந்துட்டார். அவர் வேனுக்குத்தான் விலா போச்சு. நம்ம வண்டிக்கு ஒரு ஒடுக்குகூட இல்ல, வந்து பாரு."

அந்த நல்ல செய்தியைக் கேட்ட பிறகுதான் அவள் கார் சாவியை எடுத்தாள்.

அப்பா நாற்பது வருடமாக, இடிபட்ட கார்களுக்கு ஒடுக்கு எடுப்பவர். மகள் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் கூடத்தில் பொறியாளர். பொம்மையை உட்காரவைத்து, காரைச் சுவரில் மோதவிட்டு, பொம்மையின் நெஞ்சுக்கு வந்த அடியைக் கணக்கிடுவது அவள் வேலை. "நீ நல்ல வண்டிய உடைக்கிற, நான் உடைஞ்ச வண்டிய நல்லதாக்குறேன். நம்ம குடும்பத்துக்கு என்னிக்கும் சோத்துக்குப் பஞ்சமில்ல" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லுவார்.

அப்பா தன் பழைய காரின் பம்பருக்குப் பின்னால், கை பருமனுக்கு ஓர் இரும்புக் குழாயைப் பற்றவைத்திருந்தார். ஊராரின் ஒடுக்கை எடுப்பவன் வண்டியிலேயே ஒடுக்கு இருந்தால் கேவலம் என்பது அவர் கட்சி. கார் நசுங்கவேண்டும், அது நசுங்கினால்தான் ஆளுக்கு அடி குறையும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "நசுங்கறதுக்கா காசு குடுத்து வண்டி வாங்கினேன்?" என்று கேட்டுச் சிரித்தார்.

"அப்பா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"எதுக்கு? வண்டிக்கே ஒண்ணும் ஆகல. உள்ள உக்காந்திருந்தவனுக்கு என்ன ஆயிடும்?"

போனை வைத்துவிட்டார். மணி ஒன்பது பத்து.

சோதனைக் கூடத்திலிருந்து பட்டறைக்குப் போக ஒன்றரை மணி நேரம். வழியில் ஒரு லாரி கவிழ்ந்திருந்ததால் அன்று இரண்டரை மணி நேரமானது. ஸ்டியரிங்கைத் தட்டினாள். ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள். வண்டி ஊர்ந்தபோதெல்லாம் அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் தடவை, வேன்காரருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இரண்டாம் தடவை போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போயிருந்தது. மூன்றாம் தடவை இன்சூரன்ஸுக்கு நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பியாயிற்று.

எல்லாம் பட்டறைச் சுவரில் உள்ளபடி. வருகிறவர்கள் படிக்கட்டும் என்று அப்பாவே சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்திருந்தார்: இஞ்சினை நிறுத்து. முதலில் ஆளைப் பார். அடிபட்டவரை அசைக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. பின்னால் முக்கோணம் வை. போட்டோ எடு. எதிர் வண்டி நம்பரைக் குறி. சண்டை போடாதே, வண்டியைக் கடைசியில் பார்.

அவர் ஆளைப் பார்த்தார்தான். வேன்காரரின் கழுத்தை, விரல்களை, கண்களைப் பார்த்து, நிழலில் உட்காரவைத்தார். அந்த இடத்தில் இருந்த இன்னோர் ஆளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மகள் போய்ச் சேர்ந்தபோது வேன் பட்டறைக்குள் நின்றிருந்தது. குறுக்கே வந்தவரின் வண்டியையும் அப்பாவே சரிசெய்ய இழுத்துவந்துவிட்டார். பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வேனின் கதவை விரல் முட்டியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டு, அடிபட்ட இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். எந்த வண்டி வந்தாலும் முதலில் வட்டம், அப்புறம்தான் சுத்தியல்.

"வாம்மா," என்றார் மாமா. அம்மாவின் தம்பி, அப்பாவோடு பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். "உங்கப்பா உக்காந்து வேலை செய்யறத இன்னிக்குத்தான் பாக்குறேன். முதலாளி ஆயிட்டாரு போல."

அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வியர்வை. வலக்கையால் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"தோள்ல என்ன?"

"சுளுக்கு. தைலம் தேச்சாப் போயிடும்."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்கல்ல? உள்ள கசிஞ்சா நிக்காதுப்பா. எந்திரிங்க."

"வேன்காரர் நாளைக்கு வண்டி எடுத்தாகணும்மா. மத்தியானம் போகலாம்."

"அப்பா!"

"கத்தாத. வண்டியப் போய்ப் பாரு, ஒரு கீறல் இருந்தாச் சொல்லு."

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நான் சொல்லி என்னிக்கு அவர் கேட்டாரு? கல்யாணத்தன்னிக்கே அக்கா சொன்னா, இது வளையாத தகடுன்னு."

மகள் அப்பாவின் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினாள். குனிந்து, அவருடைய சட்டையின் மேல், இடது விலாவுக்குக் கீழே ஒரு வட்டம் போட்டாள். துணி மடிந்ததால் அது முட்டை வடிவத்தில் வந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். ஒரு வண்டியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"இங்கயா?"

"அங்கதான். பெல்ட் அழுத்தின இடம். வண்டி வாங்காத அடிய அங்க வாங்கியிருக்கீங்க."

விரல் முட்டியால் அந்த இடத்தை லேசாகத் தட்டினார். கண்ணை இறுக மூடினார். திறந்தபோது குரல் மாறியிருந்தது.

"சத்தம் சரியில்லம்மா," என்றார். "கைகுடு."

மகளின் காரில் ஏறும்போது மாமாவிடம், "மாப்ள, வேன் கதவுக் கீலையும் பாத்துடு. வட்டம் போடல" என்றார். அவர் கடைசியாக வேலையைப் பற்றிப் பேசியது அது.

மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. தோள் வலியும் அதனால்தான். உடனே அறுவை செய்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. அதை மகள் முடித்துக்கொண்டாள். ஒன்பது பத்துக்கே மாமாவுக்கு ஒரு போன் போட்டு, "குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. தானே போய்ச் சொன்னால்தான் கேட்பார் என்று, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை மறுபடி பட்டறைக்கு வந்தாள். அப்பாவின் காருக்கு அடியில் படுத்து, அந்தக் குழாயைத் தானே அறுத்தெடுத்தாள். பொறி பறந்து கையில் சுட்டது. குழாய் தரையில் விழுந்து உருண்டது. மாமா அதை எடுத்து மூலையில் சாத்தினார். பிறகு சிவப்புப் பெயிண்டைக் கலக்கி, தூரிகையோடு அவள் கையில் கொடுத்தார்.

"சுவர்ல கீழ இடமிருக்கு. எழுதணும்னு சொன்னியே."

சுவர் முன் நின்றாள். நடந்தாள். திரும்பி வந்து நின்றாள். 'உன்னையும் பார்' என்று எழுத நினைத்தாள், அது போதாது. 'மாத்திரை போடுகிறவர்கள்' என்று தொடங்கினால் சுவர் கொள்ளாது. தூரிகையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் செருப்பில் விழுந்தது.

"நீ எழுதறதுக்குள்ள சுவரே இடிஞ்சிடும்," என்றார் மாமா. அவர் குரலும் சரியாக இல்லை.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின்பக்கம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. இறங்கியவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"பின்னாடி லேசா இடிச்சிட்டாங்க. எவ்வளவு ஆகும்னு பாத்துச் சொல்லுங்க."

"எப்ப இடிச்சாங்க?"

"இப்பத்தான், சிக்னல்ல."

"கழுத்துல என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லங்க. வண்டியத்தான்..."

மகள் தூரிகையை டின்னுக்குள் போட்டாள். காரின் பக்கம் திரும்பவே இல்லை. வந்தவரை அப்பா கவிழ்த்துப்போட்டிருந்த டின்மேல் மெல்ல உட்காரவைத்து, முகத்துக்கு நேரே மண்டியிட்டாள்.

"தலைய ஆட்டாதீங்க, அப்படியே நேராப் பாருங்க. விரல அசைக்க முடியுதா? மாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டாச்சு," என்றார் மாமா. போன் ஏற்கெனவே அவர் காதில் இருந்தது.