எல்லை தாண்டாத கோல்கீப்பர்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் சுவரில் எந்தப் பழைய ஆட்டக்காரரின் படத்தை மாட்டுவது என்று வாதம் நடந்துகொண்டிருந்தது.

"ராசன் அண்ணை திறம் கோல்கீப்பர்தான், ஓம். ஆனா வெளியூர் மாட்ச் ஒண்டும் விளையாடேல்லையே," என்றார் தலைவர்.

பக்கத்தில் இருந்தவர் முழங்காலில் யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்தார். அந்த மணத்தோடு எனக்கு சின்ன வயதில் நாங்கள் இருந்த அகதி விடுதி நினைவுக்கு வந்துவிட்டது.

ஞாயிறு காலைகளில் அங்கே தைலமும் பருப்புக்கறியும் சேர்ந்தே மணக்கும். ஆட்டத்துக்குப் புறப்படுகிறவர்களின் கால்களுக்கு ராசன் மாமாதான் தைலம் தேய்த்துவிடுவார். முற்றத்தில் அவரைத் தாண்டிப் பந்து போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. அது முடியும்வரை மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. பஸ் தரிப்பிடம் வரை வந்து, தனக்குப் பதிலாகக் கோல் காக்கப் போகும் என் அப்பாவிடம் தன் கையுறைகளைக் கொடுப்பார்.

"போயிட்டு வாங்கோ."

பின்னேரம் அதே இடத்தில் நின்று, "எத்தினை கோல் விட்டனீர்?" என்று அப்பாவைக் கேட்பார்.

தலைவர் வாக்கெடுத்தார். ராசன் மாமாவுக்காகக் கை உயர்த்தியது நான் மட்டும்தான். அப்பாவின் படம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது, ராசன் மாமாவின் கையுறைகளைப் போட்டபடி.