மரங்கொத்தியின் முன்பல்

அவரை மரங்கொத்தி என்று கூப்பிடுவதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் கோபப்படுவதுண்டு. அவருக்கு அந்தக் கோபம்தான் கேலியாகப் படும். பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ரப்பர் முனை வைத்த ஒரு குச்சியை முன்பற்களால் கவ்விக்கொண்டு, கணினியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கொத்துவது அவர் உத்தியோகம். தண்ணீர் ஏன் வரவில்லை என்று அவர் எழுதிய பதில்கள் தண்ணீரைவிட ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

பிறக்கும்போதே மூச்சு முட்டியதில் மூளையில் ஏதோ கெட்டது. கைகால்களை நகரச் சொன்னால் நகராது. சும்மா இருக்கச் சொன்னால் ஆடும். முகமும் அதே கட்சி. ஒன்றுமில்லாதபோது கத்திக்குத்து வாங்கியதுபோல் கோணும், துக்க வீட்டில் இளிக்கும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியை எதிர்த்து அவர் நாற்பது வருடம் தனியாளாகச் சண்டை போட்டார். யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் சொல்வது இதுதான்: "என் மூஞ்சியைப் பாக்காதீங்க. சொல்றதைக் கேளுங்க." பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். ஆனால் வரும்.

இந்தப் பாடத்தை முழுசாகப் படித்துத் தேறியவள் அவருடைய தங்கை. பக்கத்து வீட்டில் தையல் மிஷினோடும் வேன் ஓட்டும் கணவனோடும் இருந்தாள். பெற்றோர் போனபிறகு அண்ணனைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். பதறி ஓடிவந்து அவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கப்போன எத்தனையோ நல்லவர்களை விரட்டியிருக்கிறாள். "அண்ணன் முகமே அப்படித்தான், வலி கிலி ஒண்ணும் இல்ல" என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

பல் தேய்த்துவிடுவதும் அவள்தான். அங்கேதான் சிக்கல். பிரஷ் உள்ளே போனதும் தாடை தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"விடுண்ணா, எனக்கு வேலை கிடக்கு."

"நானா பிடிச்சிருக்கேன்? அதுகிட்ட சொல்லு."

எட்டிய மட்டும் தேய்த்தாள். வெளியே தெரிகிற பக்கம் வெளுப்பாகவே இருந்தது. உட்பக்கம் யாருக்கும் தெரியாமல் கறுத்தது. முதலில் ஒரு கடைவாய்ப்பல் வலித்தது. அடுத்து குச்சியைக் கவ்வும் மேல் முன்பல். கடைவாய்ப்பல் போனால் சாப்பாடு மெதுவாகும், அவ்வளவுதான். முன்பல் போனால் குச்சி போகும், குச்சி போனால் உத்தியோகம் போகும். பல் போனால் சொல் போகும் என்பது மற்றவர்களுக்கு வயதானால் வருகிற சங்கடம். அவருக்கு அது சம்பளக் கணக்கு.

முதல் மருத்துவமனை மாடியில் இருந்தது. தங்கை கணவரான மாப்பிள்ளை அவரை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். பாதிப் படியில் மூச்சு வாங்க, "மச்சான், பல்லு மட்டும் தனியா வர முடியாதா?" என்றார். மேலே இருந்தவர்கள் இவர் ஆடுவதைப் பார்த்துக் கீழேயே அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் பெரிய டாக்டர் தாராள மனசுக்காரர். "முழு மயக்கம் குடுத்து எல்லாப் பல்லையும் எடுத்துடலாம். அப்புறம் தொந்தரவே இருக்காது" என்றார்.

"தலைவலிக்கும் இதே வைத்தியமா டாக்டர்?" என்று கேட்டார் மரங்கொத்தி. டாக்டருக்குப் புரியவில்லை. தங்கைக்குப் புரிந்தது. மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

மூன்றாவது ஒரு இளம் பெண் டாக்டர். கார் நிறுத்தும் இடமாக இருந்ததைத் தடுத்துக் கட்டிய தரைத்தள அறை. சக்கர நாற்காலியை விட்டு இறக்க வேண்டாம், தலையை மட்டும் பின்னால் சாய்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றைக்குக் கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு, முன்பல்லை அடுத்த வாரம் காப்பாற்றுவதாக ஏற்பாடு. இவ்வளவு நல்ல இடம் கிடைத்த சந்தோஷத்தில் தங்கை தன் பாடத்தை வழக்கத்தைவிட விளக்கமாகவே ஒப்பித்தாள். டாக்டர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு கவனம் வேண்டியிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

தாடை பூட்டிக்கொள்ளாமலிருக்க பற்களுக்கிடையே ஒரு ரப்பர் கட்டையை வைத்தார்கள். அதோடு பேச்சு நின்றது. ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். "மரத்துடுச்சா?" என்று டாக்டர் கேட்டது அவரைத்தான். பதில் சொன்னது தங்கை: "மரத்திருக்கும் டாக்டர்."

குறடு பல்லைத் தொட்டதும் முகம் கோணியது. டாக்டர் நிறுத்தினார். "வலிக்குதோ?"

"இல்ல டாக்டர், முகமே அப்படித்தான். நீங்க பாருங்க." தங்கை அண்ணன் தலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. வாய் நெடுநேரம் திறந்திருந்தால் அவருக்கு வழிவதுதான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவும் பழகிய சத்தம்தான். டாக்டர் இன்னொரு முறை தயங்கினார். தங்கை இன்னொரு முறை தைரியம் சொன்னாள். பல் சீக்கிரம் வரவில்லை.

கட்டையை எடுத்தபின் அவர் ரத்தத்தோடு இழுத்து இழுத்துச் சொன்னார்: "ஊசி... ஏறல."

சீழ் பிடித்த பல்லில் சில சமயம் மருந்து ஏறாது என்று டாக்டர் மெல்லிய குரலில் சொன்னார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த நிமிடம் அந்த அறையில் நம்பத்தகுந்த முகம் டாக்டருடையது மட்டும்தான். தங்கை தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அடுத்த வாரம் அவர் போகவில்லை. அடுத்த மாதமும். நாற்பது வருடம் கட்டிக் காத்த சட்டம் தன்னையே கடித்துவிட்டதில் அவருக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. தங்கையோ எதிர்த் திசைக்கு ஓடிவிட்டாள். அவர் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் "வலிக்குதாண்ணா?" என்றாள்.

"இல்ல."

"நெஜமா?"

"இப்ப நீ கேக்குறதுதான் வலிக்குது."

முன்பல் ஆட ஆரம்பித்தது. குச்சி வழுக்கியது. அலுவலகத்திலிருந்து போன பதில்களில் எழுத்துகள் இடம் மாறின. மேலாளர் மிகுந்த அன்போடு, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படியும் அவசரமில்லை என்றும் சொன்னார். அவசரமில்லை என்று அந்த அலுவலகம் எதைச் சொன்னாலும் அது கைகழுவப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இது மற்றவர்களைவிட மரங்கொத்திக்கு நன்றாகத் தெரியும்.

கூப்பிடாமலே ஒரு மாலை டாக்டர் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க முயன்று, அது சரியாக வராமல், கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "மூஞ்சியைப் பாக்கக் கூடாது. வாயில கட்டை இருக்கும், பேச முடியாது. அப்ப நான் எதைப் பாக்கணும்?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. யோசித்தார். "இடது காலு. அது ஒண்ணுதான் கொஞ்சம் சொல்பேச்சு கேக்கும். குதிகாலை அழுத்தச் சொன்னா அழுத்தும். உடனே அழுத்தாது. அழுத்தும்."

மாப்பிள்ளை வாசல் அழைப்பு மணி ஒன்றை வாங்கி, நாற்காலியின் கால் பலகையில் பொருத்தினார். மணி அடித்தால் டாக்டரின் கை வாயைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. தங்கையைக் கேட்கவே கூடாது. இது புதுச் சட்டம். "மச்சான், நடுவுல யாரோ வந்திருக்காங்கன்னு டாக்டர் கதவைத் திறக்கப் போயிடப் போறாங்க" என்றார் மாப்பிள்ளை. தங்கை சிரிக்கவில்லை.

இந்த முறை அவள் சுவரோரமாக நின்றாள். மணி அடித்தது. டாக்டர் கையை எடுத்தார். மறுபடி ஊசி. மறுபடி மணி, மறுபடி ஊசி. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்க, டாக்டர் கதவைச் சாத்தினார். நெடுநேரம் கழித்து மணி அடிக்காமல் வேலை நடந்தது. பிறகு டாக்டர் தானாகவே நிறுத்தி, கட்டையை எடுத்துவிட்டு, அவர் கண்ணுக்கு நேராக வந்து உட்கார்ந்தார்.

"வேர்ல விரிசல் விட்டிருக்கு. அன்னைக்கே பாத்திருந்தா பல்லைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப எடுக்கணும். எடுக்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நிற்பது அவளுக்கு அவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"எடுங்க" என்றார்.

கொஞ்சமும் வலிக்கவில்லை. பல்லிழந்தவருக்கு அதைச் சொல்லி வாழ்த்துவதா கூடாதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. மணியைக் கொஞ்ச நாள் இங்கேயே வைத்துக்கொள்ளலாமா, இவரைப்போல இன்னும் சிலர் வருகிறார்கள் என்று கேட்டார். "வச்சுக்கோங்க" என்றார் மரங்கொத்தி. முன்பல் இல்லாததால் அது வேறு ஏதோபோலக் கேட்டது.

புண் ஆறியதும் வீட்டிலேயே பழக ஆரம்பித்தார். முன்னால் கவ்வ இடமில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, குச்சியை ஓரப்பல்லில் பிடிக்க வேண்டும், ஓரப்பல்லும் யோக்கியமில்லை. குச்சி விழுந்தது. தங்கை துடைத்து மறுபடி வைத்தாள். விழுந்தது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இடத்தை நிரப்பிவிடுவார்கள் என்று அன்று காலைதான் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"இன்னும் உள்ள தள்ளு" என்றார்.

தள்ளினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "வலிக்குதா?"

"வலிக்குது."

"எடுத்துடவா?"

"வேண்டாம். பிடி."